குழி மூடப் போன மகளுக்கு

அமுதா,

ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிடாதே. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. நலமா, சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெரிய சார் ஊரிலிருந்து திரும்பியதும் அவர் கையில் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். அவர் வருவதற்குள் இது உன்னிடம் வந்து சேர வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பச் சொல்லி எதிர்வீட்டு மல்லிகாவின் மகளிடம் கொடுத்திருக்கிறேன். காகிதம் பின்னால் தபாலில் வரும். போனில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், வைத்துவிடுகிறோம். அழுதுகொண்டே பேசினால் ஒரு காரியமும் நடக்காது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் வசதி.

இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நம் எண்ணூர்க் குப்பத்துக் குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரே கேட்க, "நான் போயி அவள இழுத்துகினு வரேன் பாரு" என்று சொன்னவள் நான். நாலு பேர் நடுவில் சொன்னதை நாலு பேர் நடுவில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதனால் இதன் நகல் ஒன்று நம் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டப்படும். இன்னொன்று காசிமேட்டுக்கு, உன் வருங்கால மாமியார் சரோஜாக்கா வீட்டுக்குப் போகும். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற கை இது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழுகிறது, குழாய் ஒழுகுகிறது, ஆற்றில் இறால் இல்லை என்று எத்தனை மனு! பத்தாவதோடு நின்ற மீன்காரி இப்படி எழுதுகிறாளே என்று அதிகாரிகள் மூக்கில் விரல் வைத்தார்களே தவிர, அந்த விரலை எடுத்து ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. பெற்ற பெண்ணுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நீயாவது படித்து நடவடிக்கை எடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், சுவரில் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே. நீ ஜியாலஜி படித்தாய். கைவிட்டுப்போன சுரங்கங்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஆழம் பார்த்து, உள்ளே கெட்ட காற்று இருக்கிறதா என்று சோதித்து, வேலி போட்டு வாயை மூடுகிற வேலை உனக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் கிடைத்தது. போனாய். நடுவில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பிரபாவோடு சம்பந்தம் பேசித் தட்டு மாற்றினோம். உங்களுக்கு ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். தட்டு மாற்றிய கையோடு சரோஜாக்கா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னால அந்த குழி எறங்கற வேலைய உன் பொண்ணு வுட்டுடணும். இது ஒண்ணுதான் நான் கேக்கறது." அவர் வீம்புக்குக் கேட்கவில்லை. அவருடைய அண்ணன், விசைப்படகில் மீன் போட்டு வைக்கிற அறைக்குள் இறங்கி, அழுகின மீனின் காற்று அடித்து அங்கேயே போனவர். காசிமேட்டில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. நானும் பெற்றவள்தானே, எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. "அவ வுட்டுடுவாக்கா, அதுக்கு நான் பொறுப்பு" என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏலத்தில் கூடையைத் திறந்து பார்க்காமல் நான் ஒரு நாளும் விலை சொன்னதில்லை. உன் விஷயத்தில் மட்டும் சொல்லிவிட்டேன்.

பாலைவனத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய். நான் கொண்டு வந்த பெரிய பை ஏன் காலியாக இருந்தது என்று நீ கேட்டாய். உன் துணிமணிகளை அதில் திணித்து, உன்னையும் கையோடு ரயிலேற்றிக் கூட்டி வருவதற்குத்தான். காலி என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது, அடியில் வஞ்சரக் கருவாடு இருந்தது. நாகப்பூர் தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் என்னோடு பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. எதிர் சீட்டு மாமி ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொண்டார். நான் கவலைப்படவில்லை. உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது, நீ மறுத்தால் எப்படி மடக்குவது, கடைசியில் எந்த இடத்தில் அழுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு திட்டம் போட்டுப் போனவளுக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

நீ என்னை ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப்போன அந்தச் செத்த ஊரின் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. ஊர் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆள் இல்லாத ஊர் என்றால் நாலு குட்டிச்சுவர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே தெரு தெருவாகக் குவார்ட்டர்ஸ், கதவில்லாத வாசல்களுக்கு மேலே நம்பர் அழியாமல் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூரை போன ஒரு சினிமாக் கொட்டகை. ஒரு வீட்டுச் சமையலறையில் அம்மி இருந்தது. இத்தனை கனத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்கள், விட்டுவிட்டார்கள். மனை வைத்து, புள்ளை பெற்று, தெருவில் சண்டை போட்டு வாழ்ந்தவர்கள்தானே அவர்களும்? "செம்பு இருந்த வரைக்கும் எல்லாரும் இருந்தாங்கம்மா. தீந்ததும் கம்பெனி போச்சு, பின்னாலயே ஜனங்களும் போயிட்டாங்க" என்றாய். ஊருக்கு நடுவில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்று. அதன் கீழேதான் சுரங்கத்தின் வாய், நம் வீட்டு அறை அளவுக்குத் திறந்து கிடந்தது. சுற்றி ஒரு கயிறு கூட இல்லை. மேய்ப்பவர்களின் ஆடுகள் அடிக்கடி உள்ளே போய்விடுகின்றன என்றும், ஆட்டைத் தேடிப் போன ஒரு பெண்ணும் போய்விட்டாள் என்றும் உங்கள் டிரைவர் பன்வர் சொன்னான். நான் பேசிய மெட்ராஸ் தமிழில் கலீஜும் பேஜாரும் மட்டும் அவனுக்குப் புரிந்தன. அவன் பேசியதில் எனக்குப் புரிந்தது அந்தப் பெண் கதை மட்டும்தான், அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

நீ ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, "கேளும்மா" என்றாய். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தமே வரவில்லை. உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று மட்டும் முகத்தில் அடித்தது. அந்த வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. நீயோ ஒன்றும் நடக்காதது போல ஒரு சின்ன மிஷினைக் கயிற்றில் கட்டி இறக்கினாய், ஏற்றினாய், மறுபடி இறக்கினாய். காற்று சரியாக இருக்கிற ஆழம் வரைக்கும் மட்டும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டினாய். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், உன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"வேணாம்டி. இந்த பொழப்பு நமக்கு வேணாம். கெளம்பு, வூட்டுக்கு போலாம்."

"எம்மா, கைய வுடு. பன்வர் பாத்துகினு கீறான்."

"பாக்கட்டும். நான் உன்ன கூட்டிகினு போவத்தான் வந்தேன்."

"தெரியும். காலி பைய பாத்தப்பவே தெரியும்." நீ கோபப்படாமல் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். "நீ ஏலத்துல நிக்கும்போது நான் குறுக்க பூந்து பேசறனா? இது என் ஏலம். நெழல்ல போயி குந்து."

நிழலில் போய் உட்காருகிற ஜாதியா நான்? நீ கயிற்றோடு கீழே மறைந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜீப் ஊருக்குப் பின்புறம் தூரத்தில் நின்றிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துவிடுவது, நீ ஊருக்கு வருகிறேன் என்று சொல்லும் வரை இறங்குவதில்லை, சோறு தண்ணீர் தொடுவதில்லை என்று முடிவெடுத்துக் கிளம்பினேன். பாதை ஒரு மண்கரையைச் சுற்றிக்கொண்டு போனது. கரை மேல் ஏறிப் பார்த்தால் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறத்தில் சமதரை. அதைக் குறுக்கே கடந்தால் ஜீப். எனக்கு ஒரு நொடி எண்ணூரில் நிற்பது போலவே இருந்தது. நம் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும்போது சேறு இப்படித்தானே கிடக்கும்? பாவாடை கட்டின வயதிலிருந்து அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவள் நான். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பளபளவென்று ஈரம் தெரிந்தால் இழுக்கும். தோல் காய்ந்து வெடித்திருந்தால் அடியில் கெட்டி, தலையில் கூடையோடு நடக்கலாம். இங்கே முழுக்கக் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்திருந்தது. செருப்பைக் கூடக் கழற்றாமல் இறங்கி நடந்தேன்.

கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு அந்த ஓடு உடைந்தது. முழங்கால் வரை போனது. நம் சேற்றில் செய்கிற மாதிரி குதிகாலைத் திருப்பி இழுத்தேன், மற்றக் கால் தொடை வரை போனது. இழுக்க இழுக்க இறங்கினேன். நம் ஆற்றுச் சேற்றில் சிப்பி இருக்கும், மணல் இருக்கும், வேர் இருக்கும், கால் எதிலாவது முட்டும். இதில் ஒன்றுமே இல்லை. பிற்பாடுதான் நீ சொன்னாய்: கல்லை மாவாக அரைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தண்ணீரோடு கலந்து கொட்டி வைத்த குளமாம் அது. எத்தனை வருடம் ஆனாலும் மேலேதான் காயுமாம், ஒரு மழை போதும் அடியில் கூழாகிவிட. இடுப்பு வரை போனதும் எனக்குக் குரல் வரவில்லை. நான், அமுதா, காசிமேட்டு ஏலத்தில் அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு மேலே கத்துகிறவள், எனக்குக் குரல் வரவில்லை. பிறகு வந்தது. உன் பெயர்தான் வந்தது.

நீ மேலே ஏறி வந்திருந்தது என் அதிர்ஷ்டம். இரண்டு பேரும் ஓடி வந்தீர்கள். பன்வர் நேரே என்னிடம் பாயப் பார்த்தான், நீ அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாய். என்னைக் காப்பாற்ற வருகிறவனை ஏன் தடுக்கிறாள் பாவி என்று அந்த நொடியில் உன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது நிஜம். ஜீப்பைக் கொண்டு வரச் சொல்லி அவனைக் கரை வழியாக ஓட விட்டாய். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாயே, அந்தக் குரலை நான் உன்னிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

"எம்மா! கால ஆட்டாத! அப்டியே பின்னால சாஞ்சு, கைய விரிச்சுகினு படு!"

"படுத்தா மூழ்கிடுவேன்டி!"

"மூழ்க மாட்ட. நான் சொல்றத கேளு. படு!"

படுத்தேன். மூழ்கவில்லை. நீ கயிற்றை வீசினாய், அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டச் சொன்னாய், முடிச்சை நான் போட்டேன், முடிச்சு எனக்குத் தெரியும். ஜீப் வருகிற வரைக்கும் நீ ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாய்.

"இன்னிக்கு காசிமேட்டுல இன்னா மீனு வந்துகிதாம்?"

"நான் இங்க சாவறேன், மீன கேக்கறா பாரு!"

"சொல்லும்மா. காலையில நைனா போன்ல சொல்லிச்சில்ல?"

"சங்கரா..."

"அப்பறம்?"

"நெத்திலி. காணாங்கத்த. வவ்வாலு கம்மியாம்."

"கம்மின்னா எவ்ளோ கம்மி? மெதுவா சொல்லு, மூச்சு வுட்டு சொல்லு."

மணலில் சக்கரம் சிக்கினால் போடுகிற பலகைகள் இரண்டு ஜீப்பில் இருந்தன. அவற்றை வரிசையாகப் போட்டு, அதன் மேல் வயிற்றால் ஊர்ந்து வந்து, என் காலைச் சுற்றியிருந்த கூழைக் கையால் கிளறி, பன்வரை ஒரு பக்கம் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக என்னை எடுத்தாய். அவசரப்படவே இல்லை. கரையில் வந்து விழுந்ததும் எனக்குத் தண்ணீர் கொடுத்தாய், கை கால் எல்லாம் அசைகிறதா என்று பார்த்தாய். எல்லாம் முடிந்த பிறகு ஜீப்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். திரும்பி வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "உன்ன கொல்ல பாத்தனே. நான் வேலைய வுட்டுடறேம்மா" என்று அழுதாய். நான் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தேன், பல் தந்தியடித்தது. "சரி" என்றேன்.

அந்தச் "சரி"யைத்தான் இப்போது திருப்பி எடுக்கிறேன்.

போன காரியம் முடிந்ததென்று உன் துணிகளில் பாதியைப் பையில் அடைத்துக்கொண்டு வீடு வந்தேன். சரோஜாக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் குழாயடியில் அந்தச் சேலையை அலசிக்கொண்டிருந்தேன். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் சாம்பல் சாம்பலாக வந்துகொண்டே இருந்தது. பெண்கள் சுற்றி நின்று கதை கேட்டார்கள். நானும் விடவில்லை, இடுப்பு வரை போனதைக் கழுத்து வரை போனதாகச் சொன்னேன். எல்லாரும் ஐயோ, அம்மா என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் இஷ்டப்பட்டபடி முடிந்ததே என்றார்கள். எதிர்வீட்டு மல்லிகா மட்டும் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தூக்கி இடுப்பில் வைத்த பிறகு கேட்டாள்: "அவ வந்துட்டா அங்க வேலி யாரு போடுவாங்க?"

மல்லிகா ஏன் கேட்டாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் படிக்கிற வெளியாருக்காகச் சொல்கிறேன். குழாய் பதிக்க வந்த ஒரு காண்டிராக்டர் நம் தெருமுனையில் பள்ளம் தோண்டி, வேலை பாதியில் நின்றதும் அப்படியே விட்டுவிட்டுப் போனான். மழைக்கு நிரம்பி ரோடும் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த மல்லிகாவின் புருஷன் அதற்குள் போனவர்தான், பிணமாகத்தான் எடுத்தோம். அப்போது நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய். காரியம் முடிந்த அன்று நான் வீட்டுக்கு வந்தால் நைனாவின் வலையைக் காணவில்லை. நீயும் உன் கூட்டாளிகளும் அதை வெட்டி, சவுக்குக் கம்பு நட்டு, பள்ளத்தைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தீர்கள். நல்ல வலை. உன்னை விளக்குமாறு பிய்ந்துபோகும் அளவுக்கு அடித்தேன். "வலைய வெட்டினியே, சோத்துக்கு இன்னா பண்றது?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ அழுதாயே தவிர வலையை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. மண்ணைப் போட்டு அந்தப் பள்ளத்தை மூடுகிற வரைக்கும் வலை அங்கேயேதான் இருந்தது. அதற்கப்புறம் ஒருவரும் அதில் விழவில்லை.

மல்லிகா கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டைத் தேடிப் போன அந்தப் பெண் கண் முன்னால் வந்து நிற்கிறாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, ஆனாலும் வருகிறாள். இத்தனை வருடமாக நாம் மனு எழுதி எழுதிக் கேட்டது என்ன? கொட்டினீர்களே, வந்து அள்ளுங்கள். தோண்டினீர்களே, வந்து மூடுங்கள். இதைத்தானே? இங்கே எரிகிற கரியும் எங்கேயோ ஒரு ஊரைத் தோண்டி எடுத்ததுதான். அங்கே குழி, இங்கே சாம்பல். தோண்டுகிறவனுக்கு ஆள் பஞ்சமே இல்லை, கூப்பிட்டால் ஆயிரம் பேர் வருவார்கள். மூடுவதற்குத்தான் நாதி இல்லை. எந்த ஊர்ப் பெண்ணாவது இந்த வேலைக்கு வந்து நம் எண்ணூரில் நின்றால் நான் அவள் காலில் விழுந்து கும்பிட மாட்டேனா? அப்படிப்பட்ட ஒருத்தியை நானே பெற்று வைத்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்து வரப் பார்த்தேன்.

ஆகவே நைனாவைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். சரோஜாக்கா காபி போட எழுந்தார், வேண்டாம், முதலில் கேளுங்கள் என்று உட்கார வைத்தேன்.

"அக்கா, நான் குடுத்த வாக்க வாபஸ் வாங்கிக்கறேன். அவ வேலைய வுட மாட்டா."

"இன்னாடி சொல்ற? நீயே செத்து பொழச்சு வந்துகிற!"

"செத்தனா? இல்லியே. ஏன் சாவல? அவ அங்க இருந்தா, அதான் சாவல."

"எங்க அண்ணன் போன கதை உனக்கு தெரியாதா? குழின்னாலே எனக்கு பயம்."

"தெரியும்க்கா. அன்னிக்கு கயித்துல ஒரு மிஷின கட்டி எறக்கி, உள்ள காத்து நல்லாகீதான்னு பாக்கறதுக்கு ஒருத்தி நின்னிருந்தா, உங்க அண்ணன் இன்னிக்கு பேரன் பேத்தி எடுத்திருப்பாரு. எம்பொண்ணு வேலையே அதான். நான் என் கண்ணால பாத்தேன்."

சரோஜாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிரபா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ இன்னாப்பா சொல்ற?" என்றேன். "அவ வேலைய வுடணும்னு நான் எப்ப அத்தை சொன்னேன்? என்ன யாரு கேட்டாங்க?" என்றான். எனக்கு வந்த கோபத்தில், "கேட்டாத்தான் வாய தொறப்பியா? தொண்டையில இன்னா முள்ளா மாட்டிகினு கீது?" என்று மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். நைனா என் கையை அழுத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எங்கம்மாகிட்ட பேசறேன்" என்றான். பேசினானா, என்ன பேசினான், எனக்கு இன்னும் தெரியாது. நிச்சயத் தட்டு நாளைக்கே திரும்பி வந்தாலும் வரலாம். வந்தால் வாங்கி வைத்துக்கொள்வேன். எனக்கு வருத்தமாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரபா நல்ல பையன். ஆனால் உன் வேலையைக் கொடுத்து அவனை வாங்க நான் தயாரில்லை.

நீயே அவனுக்குப் போன் பண்ணு. சுற்றி வளைக்காமல் கேள். எனக்கும் உன் நைனாவுக்கும் கல்யாணமான புதிதில் நான் ஏலத்துக்குப் போகிறேன் என்றதும் அவருடைய வீட்டில் பெரிய ரகளை. அந்த நாளில் நம் தெருவிலிருந்து பெண்கள் மீன் விற்கப் போவார்கள், ஏலத்தில் நின்று குரல் கொடுத்தது கிடையாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இவர் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் பேசி ஓய்ந்ததும், ஊசியைக் கீழே வைக்காமலே, "அவ போவா" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவர் பேசியது மொத்தத்தையும் கூட்டினால் ஒரு மனுவுக்குக் கூட வராது, ஆனால் அன்றைக்குப் பேசினார். பிரபாவிடமும் அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பார். இருந்தால் கட்டிக்கொள், சரோஜாக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோபம் வந்தால் எனக்கு வருகிற அளவுக்கு அவருக்கும் வரும், ஆறுவதும் அப்படித்தான். இல்லையென்றால் விட்டுவிடு.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சேற்றில் போனது உன் தப்பு இல்லை. நீ நிழலில் உட்காரச் சொன்னாய், நான் உட்காரவில்லை. எனக்குத் தெரியாத சேறு உலகத்தில் உண்டா என்ற என் திமிர்தான் என்னை அதற்குள் இறக்கியது. அந்தப் பழியை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்குத் தண்டனையாக வேலையை விடாதே. பயம் இருக்கிறதா, இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது, இனி உன்னிடமிருந்து போன் வரத் தாமதமானால் நான் தெருவுக்கும் வீட்டுக்குமாக நடப்பேன், அக்கம்பக்கத்தைத் திட்டுவேன், நைனாவைத் தூங்க விடமாட்டேன். அது என் பாடு. கயிற்றை இரண்டு தடவை பார். பன்வரின் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி, உன் சட்டையையும் பிடித்து இழுக்க ஒரு ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். தனியாக மட்டும் இறங்காதே.

நான் அள்ளிக்கொண்டு வந்த துணிகளையெல்லாம் துவைத்து, மடித்து, அதே பையில் போட்டுப் பார்சலில் அனுப்பிவிட்டேன். அடியில் கருவாடு இருக்கிறது, பன்வருக்கும் கொடு. சாப்பிட மாட்டான் என்றால் முகர்ந்தாவது பார்க்கட்டும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ செய்ய வேண்டிய முதல் வேலை, சுரங்கத்தின் வாய் கூட அப்புறம்தான், நான் போன அந்தக் குளத்தைச் சுற்றி வேலி போடுவது. நல்ல கம்பி வேலியாகப் போடு. பலகை வை. இந்தியில் எழுது, அந்த ஊர்ப் பாஷையில் எழுது, படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு ஆள் மூழ்குகிற மாதிரி படம் போடு. அதன் கீழே, இதில் கால் வைக்காதே என்று தமிழிலும் எழுது. அந்தப் பாலைவனத்தில் தமிழ் படிக்க யார் வரப்போகிறார்கள் என்று உங்கள் பெரிய சார் சிரிப்பார். சிரிக்கட்டும். எங்க அம்மா வந்தாங்க என்று சொல்.